எட்டாம் நம்பர் வயர்

கடுகண்ணாவை,
மார்ச் 29.

மதிப்புக்குரிய செல்லச்சாமி மாமாவுக்கு,

ஞானேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பெரியப்பாவும் பெரியம்மாவும் சுகம். ஹோட்டல் மொட்டைமாடியில் இருக்கும் இயந்திரமும் போன சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியிலிருந்து சுகம். அங்கே நீங்களும் அத்தையும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஐந்து தடவை வாசித்தேன். பெரியப்பா ஒரு கலியாண வீட்டையே அவித்துவிட்டதாக ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள் என்றும், ஒரு நம்பரைக் கண்டு பயப்படுகிற மனிதரிடம் நான் தொழில் பழக வேண்டாம் என்றும், ஏப்ரல் எட்டாம் திகதி விடிகாலைப் பஸ்ஸில் வந்து என்னைத் தையல் தொழிற்சாலை நேர்முகத்துக்குக் கூட்டிப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். பஸ்ஸில் பேசியவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர்கள் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. மீதியை நான் எழுதுகிறேன். நேரில் வந்தால் என்னால் சொல்ல முடியாது. நீங்கள் கேட்பீர்கள், நான் உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், பிறகு தையல் தொழிற்சாலைக்குப் போய்விடுவேன்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கண்டிக்கு மேலே மலைச்சரிவில் புதிதாகக் கட்டிய ஹோட்டல் அது. பகலில் கலியாண மண்டபத்துக்குக் குளிர் வேண்டும். டிசம்பர் இரவில் வெளிநாட்டு ஆட்களின் அறைகளுக்குச் சூடு வேண்டும். இரண்டையும் ஒரே இயந்திரம் செய்கிறது, சில்லர் என்று பெயர். தண்ணீரைக் குளிராக்கிக் குழாய் வழியாகக் கட்டிடம் முழுவதும் அனுப்பும். உள்ளே ஒரு வால்வு திரும்பிவிட்டால் அதே இயந்திரம் தலைகீழாக ஓடி, தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும். எப்போது திரும்ப வேண்டும் என்று அதற்குத் தானாகத் தெரியாது, கீழே ஒபிசில் இருக்கிற சுவிச் பெட்டி சொல்லவேண்டும். பெட்டியிலிருந்து மாடிக்குப் பன்னிரண்டு வயர் உள்ள ஒரு கேபிளை இழுத்து இரண்டு முனையிலும் முடுக்கிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. இயந்திரத்தைத் தூக்கி வைத்தவர்களும் குழாய் பூட்டியவர்களும் வேறு ஆட்கள். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. இதைக் குறிப்பாகச் சொல்லும்படி அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

என் வேலை நம்பர் வளையம் போடுவது. ஒவ்வொரு வயரின் முனையிலும் மஞ்சள் நிறத்தில் சின்ன வளையம் மாட்ட வேண்டும், அதில் நம்பர் இருக்கும். கீழ் முனையில் ஐந்து என்றால் மேல் முனையிலும் ஐந்து. மாமா, இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதெல்லாம் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, அதனால்தான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன் என்பது உங்களுக்குத் தெரியும். வயருக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த முனையில் போட்டது அந்த முனையிலும் இருந்தால் போதும், யாரும் எழுந்து நின்று எதையும் சொல்ல வேண்டாம். நான் மூன்று நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவுக்கு எட்டு ஆகாது. சனி பகவானின் நம்பர் என்பார். எட்டாம் திகதியில் வேலை தொடங்க மாட்டார், எட்டாம் நம்பர் வீட்டில் பல்ப் மாற்றினாலும் வாசலில் நின்றே காசு வாங்குவார். வளையம் வாங்கும் கடையில் எட்டுகளை எடுத்து வைத்துவிட்டு மீதியைத்தான் அவருக்குக் கட்டிக் கொடுப்பார்கள். ஆகவே என் டப்பாவில் ஏழுக்குப் பிறகு ஒன்பதுதான் இருந்தது. கம்பனி கொடுத்த வரைபடத்தில் ஏழாம் வயர் இயந்திரத்தை ஓடச் சொல்வது, எட்டாம் வயர் குளிராக்கச் சொல்வது, ஒன்பதாம் வயர் இரவில் சத்தமில்லாமல் ஓடச் சொல்வது, பத்திலிருந்து பன்னிரண்டு வரை உபரி. பெரியப்பா கீழே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடச் சொல்வதற்கு ஏழு போடச் சொன்னார், குளிராக்கச் சொல்வதற்கு ஒன்பது போடச் சொன்னார், சத்தமில்லாமல் ஓடச் சொல்வதற்குப் பத்து போடச் சொன்னார். நான் வரைபடத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். "என்னா புள்ள, பசிக்குதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அது உண்மையும்தான். சொன்னபடியே இரண்டு முனையிலும் போட்டேன்.

மேலே இயந்திரத்தின் பக்கம் நின்றவர் பஹ்மி நானா. கெலிஓயாக்காரர், பெரியப்பாவோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறார். அவர் வரைபடம் பார்ப்பதில்லை, வளையத்தில் உள்ள நம்பரைப் பார்த்து இயந்திரத்தில் அதே நம்பர் உள்ள முனையில் முடுக்குவார். முடித்துவிட்டு போன் எடுத்தார். பெரியப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், அதனால் எனக்கும் கேட்டது.

"தனபாலன் அண்ணே, இங்க எட்டாம் நம்பர் சும்மா ஈக்கே?"

"சும்மா இருக்கட்டும். அது சும்மா இருக்கிறவரைக்கும்தான் நமக்கு நல்லது."

"அப்ப சரி."

மாமா, எட்டாம் முனைக்கு எதுவும் வராவிட்டால், தண்ணீரைச் சூடாக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று அந்த இயந்திரம் எடுத்துக்கொள்ளும். இதை வரைபடத்தின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் சிறிய எழுத்துகளை விரும்பி வாசிப்பேன்.

பரீட்சித்துப் பார்த்தது ஜனவரி மாதம், நல்ல மழை. முதலில் சூட்டில் ஓட விட்டார்கள். சூடு வந்தது. மனேஜருக்குச் சந்தோஷம். பிறகு பெரியப்பா சுவிச்சைக் குளிருக்குத் திருப்பினார். அந்த வயர் போய்ச் சேர்ந்த இடம் சத்தத்தைக் குறைக்கிற ஒன்பதாம் முனை. இயந்திரம் உடனே அடங்கிப் போய் மெதுவாக ஓடியது. "பாத்தீங்களா சேர், குளிருக்குப் போனதும் சத்தமே இல்ல" என்றார் பெரியப்பா. வாசல் கதவுகள் திறந்திருந்ததால் மலைக்காற்று வேறு மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தது, மனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டு "நல்ல குளிர்தான்" என்றார். எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் மாடிக்குப் போய்க் குழாயைத் தொட்டேன். சுட்டது. உடனே இறங்கி வந்து பெரியப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் "எட்டில் வயர் இல்லை, குழாய் சுடுகிறது" என்று எழுதி அவருடைய சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அந்தச் சட்டையை ஞாயிற்றுக்கிழமை நானே தோய்த்தேன். காயப்போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒருவேளை வாசித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெப்ரவரி முடியும்வரை அறைகளுக்குச் சூடு மட்டும்தான் கேட்டார்கள், அதைக் குறையில்லாமல் கொடுத்தது. போன சனிக்கிழமைதான் மண்டபத்தில் முதல் கலியாணம். மாத்தளைப் பக்கத்து மாப்பிள்ளை, கண்டிப் பெண். நானூறு பேர். வெயிலென்றால் சொல்லி முடியாத வெயில். காலை பத்து மணிக்கு ஒபிசில் சுவிச்சைக் குளிருக்குத் திருப்பியிருக்கிறார்கள். இயந்திரம் மண்டபத்தைச் சூடாக்கத் தொடங்கியது. மிகவும் அமைதியாகச் சூடாக்கியது, ஒரு சத்தமில்லை. மண்டபம் சூடாகச் சூடாகக் குளிரை இன்னும் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார்கள், காற்றாடிகள் அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன. பதினொன்றரைக்கு மனேஜர் போன் எடுத்தார், நாங்கள் மூவரும் பஹ்மி நானாவின் திரீவீலில் போனோம். நாங்கள் போனபோது ஐந்து தட்டுக் கேக்கின் மேல்தட்டு மாப்பிள்ளை வீட்டார் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, ஒருவர் அதைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் தலைப்பாகை கதிரையில் தனியாக இருந்தது. பெண்ணின் கண் மை கன்னம் வரைக்கும் வந்திருந்தது, அவள் அழவில்லை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். "சுவிச் குளிர்லதான் இருக்கு. எல்லாம் சரி" என்றார். அதற்குள் பெண்ணின் தாயார் ஆஸியா உம்மா வந்துவிட்டார்.

"எனத்த சரி? இது கலியாண மண்டபமா, பாண் சுடுற போறணையா? சம்பந்தி ஆக்கள் எல்லாம் பாணாட்டம் வெந்து போய் ஈக்கிறாங்க!"

"அம்மா, இன்னிக்கு நாள் அப்படி. கொஞ்ச நேரத்துல..."

"நாளப் பாத்து ஹோல் எடுக்கல்ல, குளிர் ஈக்கி எண்டுதான் எடுத்த. வாங்க இங்க. நீங்களே மைக்ல சொல்லுங்க, எத்தின மணிக்குக் குளிர் வரும் எண்டு. ஏன்ட வாயால இன்னொருக்கா சொல்ல ஏலா!"

பெரியப்பாவின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போய் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். பெரியப்பா நானூறு பேருக்கு முன்னால் நின்றார். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. மாமா, நான் அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் அது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பள்ளிக்கூடத்தில் நான் எழுந்து நின்றபோதெல்லாம் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் இந்த வேலையில் விழுந்தால் இனி யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள், எனக்கு வளையம் போடவும் இடமிருக்காது என்பதும் அப்போது நினைவு வந்தது. எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் போய், என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன்.

"பெரியப்பா, எட்டாம் நம்பர்ல வயரே இல்ல. அதான் வேகுது."

மைக்கை அவர் காதுக்குப் பக்கத்தில்தான் பிடித்திருந்தார். நான் சொன்னது மண்டபம் முழுவதும் கேட்டது, வெளியே வாகனத் தரிப்பிடத்திலும் கேட்டதாகச் சொன்னார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "அப்ப போய்ப் போடுங்களேம்மா" என்றார்.

மாடிக்கு ஓடினோம். பஹ்மி நானா கரண்டை நிறுத்திவிட்டு, "பதினொரு வருஷமா நான் கேட்டுக்கிட்டுத்தான் ஈக்கிறேன், எட்டு ஏன் சும்மா ஈக்கி எண்டு" என்றார். பெரியப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "நீயே போடு புள்ள. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்று தலதா மாளிகை இருக்கும் திசையாகப் பார்த்து நின்றுகொண்டார். நான் ஒன்பதைக் கழற்றி எட்டில் முடுக்கினேன், பத்தைக் கழற்றி ஒன்பதில் முடுக்கினேன். வளையம் மாற்ற எட்டு இல்லை. பெண்ணின் தங்கை றம்லத் வேடிக்கை பார்க்க மேலே வந்திருந்தாள், அவளுடைய புருவப் பென்சிலை வாங்கி பிளாஸ்டரில் எட்டு என்று எழுதி ஒட்டினேன். கரண்டைப் போட்டால், அந்த இயந்திரம் உடனே ஓடாது, ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் ஓடும். அது கம்பனி வைத்த கட்டுப்பாடு, யார் கெஞ்சினாலும் மாறாது. ஐந்து நிமிடமும் நாங்கள் நால்வரும் ஒரு சின்னத் திரையில் நம்பர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எட்டு விநாடி என்று காட்டியபோது பெரியப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இயந்திரம் ஓடியது, உள்ளே வால்வு திரும்பி, பஸ் கதவு மூடும்போது வருமே, அப்படி "ஸ்ஸ்" என்றது. கொஞ்ச நேரத்தில் குழாயைத் தொட்டேன். பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தேன். மாமா, ஜில்லென்று இருந்தது.

இரண்டு மணிக்கெல்லாம் மண்டபத்தில் சிலர் சால்வை கேட்டார்கள். ஆஸியா உம்மா எங்களையும் சஹனில் உட்கார வைத்தார். ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர், எனக்குப் பக்கத்தில் அவரே உட்கார்ந்து இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு, "கொமர்ப்புள்ள ஒரு சொல்லுத்தான் சொன்ன, அதையும் மைக்லதான் சொன்ன" என்று சொல்லிச் சிரித்தார். மனேஜர் அடுத்த மாதம் ஒன்பதாம் திகதி அவர்களுடைய இன்னொரு ஹோட்டலில் இதே வேலையைத் தொடங்கச் சொல்லியிருக்கிறார். பெண் பிள்ளையும் கூட வரவேண்டும் என்றாராம்.

நீங்கள் கவலைப்பட்ட விஷயம் தீர்ந்துவிட்டது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்று திரும்பி வரும்போது பெரியப்பா திரீவீலை நிறுத்தச் சொல்லி, கடைக்குப் போய், பதினொரு வருடத்து எட்டுகளையும் ஒரு பையில் கேட்டு வாங்கி என் மடியில் போட்டார். "இனிமே எட்டும் ஒரு நம்பர்தான், போ" என்றார். நம்பர் என்பது வயர் எங்கே போக வேண்டும் என்று சொல்வதற்குத்தான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆகவே அவரிடம் பழகினால் நான் கெட்டுப்போவேன் என்று நீங்கள் பயப்படக் காரணம் இல்லை. தையல் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை சட்டைக் கை தைத்தாய் என்று சூப்பவைசர் கேட்டால் எழுந்து நின்று சொல்ல வேண்டுமாம். என்னை இங்கேயே இருக்க விடும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் முழங்கால் வலி குறைந்து, படியேறி இறங்க இலகுவாக இருக்க முருகன் துணை செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்கு அடங்கிய மருமகள்,
ஞானேஸ்வரி

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் பெரியப்பா இந்தக் கடிதத்தை வாசித்தார். எல்லாம் சரி என்றார், ஆனால் நீங்கள் வரும் திகதியைப் பார்த்துவிட்டு, எட்டாம் திகதி ஒரு பெண் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பினால் குடும்பத்துக்கே ஆகாது என்று உட்கார்ந்துவிட்டார். நேர்முகம் அந்த ஒரு நாள் மட்டும்தானாம். ஒன்பதாம் திகதி எங்களுக்கு வேலை தொடங்குகிறது. நானும் யோசித்துப் பார்த்தேன், எட்டைப் பற்றி மேலே எழுதியதைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். பெரியவர்கள் ஒன்றும் தெரியாமல் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொன்று, நீங்கள் அனுப்பிய தொழிற்சாலைப் படிவத்தின் நம்பர் 1745. கூட்டினால் பதினேழு, அதைக் கூட்டினால் எட்டு. கூட்டியது பெரியப்பா. நான் சரிபார்த்தேன்.