ரெண்டு குடம் வாட்ச்மேனின் வில்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் உள்ள கம்பெனி கேட்டையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாலும், ரெண்டு குடத்தைப் போல ஒரு வாட்ச்மேன் அகப்பட மாட்டார். அகப்படாமல் இருப்பதே அந்தக் கம்பெனிகளுக்கு நல்லது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் ஊர் வல்லத்தில் யாரும் கேட்டதில்லை. தென்காசிப் பக்கத்து மலையடிவாரத்து ஆள். எங்கள் ஊரில் நெல் விளைந்த இடத்தில் கம்பெனிகள் முளைத்த காலத்தில், அதில் ஒன்றுக்குக் காவலுக்கு வந்தார். நான் அப்போது வாடகை ரூம் பையன்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் கைச் சமையலைக் குறை சொன்னவன் இன்றுவரை பிறக்கவில்லை. அவரும் என்னிடமே சாப்பிட வந்தார்.

வந்தார் என்றால், காலடிச் சத்தமே கேட்காது. உலை கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்பார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு அலறுவேன்.

"இன்னாய்யா, பூனை மாதிரி வர்ற? செருப்பத் தேச்சிக்கினு வரக் கூடாதா?"

"காட்டுல சத்தம் காட்டுனா சோறு கெடைக்காதுக்கா."

"இங்க சத்தம் குடுத்தாத்தான் சோறு."

பிறகு அடுப்புச் சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். தன் வாடை குழம்புக்குப் போகாத பக்கமாகத்தான் உட்காருவார். "ஏண்ணே, கொழம்பு ஓடிப்போயிருமா?" என்று பையன்கள் கேட்பார்கள். பழக்கம் என்பார்.

சின்ன வயதில் மாமாவோடு பன்றி வேட்டைக்குப் போன கதை தினமும் உண்டு. குழம்புச் சோற்றுக்குக் கன்றுக்குட்டி அளவில் இருந்த பன்றி, ரசத்துக்கு எருமையாகிவிடும். மோர் ஊற்றும்போது கன்டெய்னர் லாரியாக நிற்கும். "அத அடிச்சது ரெண்டு குடம் வில்லு, பாத்துக்கிடுங்க" என்று கையைக் கழுவுவார்.

அது அவர் ஊர்க் கணக்கு. வில்லை நடுவில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டு, நாணில் தண்ணீர்க் குடத்தை மாட்டுவார்கள். ஒரு குடத்துக்கே நாண் ஓர் அம்பு நீளம் இறங்கினால் அது ஒரு குடம் வில். இரண்டு குடம் மாட்டினால்தான் அவ்வளவு இறங்கும் என்றால் ரெண்டு குடம் வில். ஒரு குடம் வில்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களாம்.

ஒரு தரம் ஊருக்குப் போனவர் மூங்கிலோடு திரும்பி, அப்படியொரு வில்லைச் செய்தார். என் வேப்பமரத்தில் என் குடங்களையே மாட்டி நிரூபித்தார். கார் கம்பெனியில் கதவு மாட்டுகிற பையன் இழுத்துப் பார்த்தான். பாதி கூட வரவில்லை.

"தள்ளுங்கலே!" என்று வாங்கினார். மூச்சை அடக்கி இழுத்தார். நாண் கன்னம் வரைக்கும் வந்தது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. விட்டார். அம்பு அவர் காலடியிலேயே விழுந்தது. வில் திமிறி, அவர் தொப்பியைத் தட்டி என் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் போட்டது.

"பன்னி தப்பிச்சிருச்சு!" என்று ஒருவன் கத்தினான். அன்றிலிருந்துதான் அவர் ரெண்டு குடம்.

சிரிப்பு அன்றோடு சரி. மறுநாள் வலது தோளைத் தூக்க முடியவில்லை. அந்தக் கம்பெனி கேட்டோ யானை கனம், தண்டவாளத்தில் தள்ளித் திறக்க வேண்டும். அவர் முதுகைக் கொடுத்து முட்டிக்கொண்டிருந்ததை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"திங்கக்கெழம வரைக்கும் டைம் தரேன். ரெண்டு கையால கேட்டைத் தள்ளிக் காட்டு. முடியலேன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

அன்று சாப்பிட வந்தவர் சாம்பல் தூவவில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"வேலை போனா ஊருக்குத்தானய்யா போவ?"

"அங்க எனக்கு யாருக்கா இருக்கா?"

நொச்சி இலையை வதக்கித் தினம் ஒத்தடம் கொடுத்தேன். சனிக்கிழமைக்குள் கை மேலே வந்தது. வந்ததும் மனுஷன் என்ன செய்தார்? பெயரைக் காப்பாற்ற மறுபடியும் வில்லை எடுத்தார்! நான் போய்ப் பிடுங்கினேன்.

"இத இப்ப இழுத்த, திங்கக்கெழம உனக்கு வேலை இல்ல. சீவிக் கொறைச்சுக்கினாத்தான் என்னாண்ட சோறு."

"ஒரு குடம் வில்லையா? ஆம்பள புடிக்கதா அது? நீங்களே ரெண்டு குடம் தூக்குதீயல்லா?"

"தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு தூக்கினு ஓடியாருவேன். ஆனா கொழாயாண்ட நின்னு கத பேசணும்னா ஒரு குடந்தான். தூக்குறது இன்னா பெரிசு? தூக்கிக்கினு நின்னு ஒரு கதையப் பேசி முடிக்கணும்யா!"

அவர் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னி தல திருப்புத வரைக்கும் எங்க மாமா இழுத்துப் புடிச்சுக்கிட்டே நின்னாவ. நான் ஒருநாளும் நின்னது இல்லக்கா."

"அப்ப பன்னிய அடிச்சது?"

"மாமாதான்."

"மாமா வில்லு எத்தினி குடம்?"

தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு."

நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் கண்ணாடிச் சில்லை எடுத்து உட்கார்ந்து மூங்கிலைச் சுரண்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு சீவலுக்கும் தன் மீசையையே மழிப்பது போல முகம் கோணினார். ஒரு குடத்துக்கு நாண் முழுசாக இறங்கியதும் நிறுத்தினார். இழுத்துப் பிடித்தபடியே பன்றிக் கதையைச் சொல்லச் சொன்னேன். சொல்லி முடித்தார். அன்றைக்குப் பன்றி கன்றுக்குட்டியைத் தாண்டவில்லை.

திங்கட்கிழமை கேட் இரண்டு கையாலும் திறந்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அது தவக்காலம். நாங்கள் வேதக்காரர்கள்; ஈஸ்டர் வரைக்கும் என் அடுப்பில் கறி ஏறாது, மீனுக்குத் தடையில்லை. பையன்கள் முகத்தைத் தொங்கப் போட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ரெண்டு குடம் எங்கள் ஊர்த் தாங்கல் ஏரிக்குப் போனார். முட்டிவரை தண்ணீர், அம்பின் வாலில் கட்டிய நூல். விரால் மூச்செடுக்க மேலே வரும்வரை வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். மதியம் முழங்கை நீளத்தில் ஒரு விரால் என் வாசலில் கிடந்தது.

"இன்னாண்ணே, பொம்பள வில்லுலயா அடிச்ச?" என்றான் கதவு மாட்டுகிற பையன்.

"ஆமால. அக்கா வில்லு. நீ கொழம்ப ஊத்தித் தின்னு."

சில வருஷங்களில் அந்தக் கேட்டுக்கு மோட்டார் வைத்தார்கள். அவரை வேறு ஊர்க் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது வில்லை என் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

எனக்கு இப்போது அரைக் குடம் தூக்குவதே பெரும்பாடு. அந்த வில் எனக்கு அசைந்து கொடுப்பதில்லை; அவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் சீவித் தருவார். உலை கொதிக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லையென்றால், கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.