சரிபாதிச் சுவர்

அழகிரி வாசல் கதவுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் ராசப்பன் பக்கத்து வாசலில் நின்று சத்தம் போட்டார். தம்பியிடம் அல்ல, தெருவிடம்.

"பாருங்கய்யா! நான் பச்சை அடிச்சா இவனும் பச்சை அடிக்கிறான். பழிப்புக் காட்டுறான்!"

ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டைச் சரிபாதியாகப் பிரித்துச் சுவர் எழுப்பி இரண்டு வருஷம் ஆகிறது. கிணறு யாருக்கு என்று முறிந்த பேச்சு முறிந்ததுதான். பத்து நாளில் அழகிரியின் மகளுக்குக் கல்யாணம். பெரியப்பா இல்லாமல் பந்தக்கால் நடுவதை அழகிரியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"நேரே போய் ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி அமிர்தம்.

"மூஞ்சியிலே கதவைச் சாத்துவாரு. இதுக்கு வேற வழி இருக்கு."

திருச்சிக் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிற மனுஷர். வழியும் அங்கிருந்துதான் வந்தது.

"ஒரு அணுத்துகளுக்குச் சுவரை ஏறித் தாண்டச் சக்தி இல்லே. ஆனாலும் அதோட அலை சுவருக்குள்ள கசியும். ஒருநாள் பார்த்தா துகள் அந்தப் பக்கம் இருக்கும்! ஆனா ரெண்டு பக்கமும் அச்சா ஒண்ணா இருக்கணும். கொஞ்சம் மாறினாலும் ஒரே பக்கம் மாட்டிக்கும்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் பச்சை. அது கிடக்கட்டும், இன்னிக்கு நீ காலேஜுக்கு அனுப்பின கேரியர்ல கத்திரிக்காய்க் கூட்டு பிரமாதம்!"

அமிர்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அண்ணன் கோபத்தில் கதவை நீலமாக்கினார். இவரும் நீலம். அண்ணன் துளசி மாடத்தை இடப்பக்கம் நகர்த்தினார். இவரும் நகர்த்தினார். தபால்காரர் குழம்பிப்போய் இந்த வீட்டுக் கடிதத்தை அங்கே போட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு நான் ஊர்லயே இருக்க மாட்டேன்!" என்று தெருவே அதிரக் கத்தினார் ராசப்பன்.

அடுத்த நாள் அழகிரிக்குப் பாடமே ஓடவில்லை. லீவு சொல்லிவிட்டு மத்தியானமே வீடு திரும்பினார். கூடத்தில் இலை போட்டு, வாய் நிறைய வத்தக்குழம்புச் சோற்றோடு ராசப்பன் உட்கார்ந்திருந்தார்!

"அமிர்தம், பலிச்சிடுச்சு! வீடு தெரியாம அண்ணன் இந்தப் பக்கம் வந்துட்டாரு!"

ராசப்பன் திருதிருவென்று விழித்தார். "ஆமா... கதவு ஒரே நீலமா இருந்துச்சா... சரி, வந்தது வந்துட்டேன். பந்தக்கால் எத்தனை மணிக்குடா?"

அழகிரி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, கல்லூரிக்குச் சாப்பாடு சுமக்கும் மயிலம்மாள் மூச்சிரைக்க உள்ளே வந்து கேரியரைக் கீழே வைத்தாள்.

"சாரை அங்கே காணோம்னு திரும்பி வந்தேன். ஏன் சார் அழுவறீங்க? பெரியவரு ரெண்டு வருஷமா தினம் மத்தியானம் இங்கேதானே சாப்பிடறாரு, உங்களுக்கு நான் கொண்டாற கேரியரும் அவரு வீட்டு அடுப்புலேருந்துதானே வருது!"