பொன்னுதாஸ் பிடித்த கேஸ்

பொன்னுதாஸ் அந்த இங்கிலீஷ் படத்தைத் திருவனந்தபுரத்தில் இரண்டு தடவை பார்த்தார். இரண்டு தடவையும் கொட்டகை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

துப்பறியும் படங்களைக் கேலி செய்து எடுத்த படம் அது. வெளிச்சம் எல்லார் முகத்திலும் பாதிக்குத்தான் விழும். மழை வீட்டுக்குள்ளேயும் பெய்யும். துப்பறிகிறவன் யாரைப் போய்ப் பார்த்தாலும் அந்த ஆள் அடுத்த காட்சியில் பிணமாகக் கிடப்பான். இவன் பிணத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதன் சட்டைப்பையிலிருந்தே தீப்பெட்டி எடுத்துச் சிகரெட் பற்றவைப்பான். எவ்வளவு அடி வாங்கினாலும் தலையில் இருக்கிற தொப்பி விழாது. முதல் காட்சியில் அழுதுகொண்டு வந்த பெண்தான் கடைசியில் கொலைகாரி. சிரித்த முகத்தோடு சூப்பில் விஷம் வைத்து, புருஷன்மாரை வரிசையாக மேலே அனுப்பியவள்.

'விவரம் கெட்ட சனம், இதுக்குப் போய்ச் சிரிக்குது' என்று நினைத்துக்கொண்டார் பொன்னுதாஸ்.

அவர் நெய்யாற்றின்கரையில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. வீடு பாறசாலைப் பக்கம். எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. தமிழ்த் தாலுகாக்கள் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து சென்னையோடு சேர வேண்டும் என்று ஊருக்கு ஊர் ஊர்வலம் போனார்கள். பொன்னுதாஸ் ஆபீஸில் மலையாளம் பேசுவார், வீட்டில் தமிழ் பேசுவார். 'நீரு எந்தப் பக்கம்?' என்று யாராவது கேட்டால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்.

படம் பார்த்துத் திரும்பியதும் மனைவி ஆனந்தபாயைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கேட்டியா எட்டி, இனிமே இந்த வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு ஈ பறக்காது. நான் துப்புத் துலக்கப் போறேன்."

"துலக்குங்க. அப்படியே அந்த மீன்சட்டியையும் துலக்கித் தந்தியன்னா கொள்ளாம்."

கேஸைத் தேடி அவர் எங்கும் அலையவில்லை. அந்த வாரமே கேஸ் அவர் வீட்டு விறகுப்புரையில் உட்கார்ந்து இருமியது.

"அங்க யாரு?"

"ஆடு."

"ஆடு இருமுமா?"

"தடுமம் பிடிச்சா நீங்க இருமல்லியா? அதுக்கு மட்டும் இருமப்பிடாதா?"

"நமக்கு ஏது ஆடு?"

"அடுத்த வீட்டு விஜயம்மாவுக்க ஆடாக்கும். மழைக்கு இஞ்ச கெட்டியிருக்கா."

பொன்னுதாஸ் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் கண் திறந்துவிட்டது. கொடியில் காய்ந்த அவருடைய வேட்டி ஒன்றைக் காணோம். விறகுப்புரையில் இருமல் கேட்கும்போதெல்லாம் ஆனந்தபாய் அடுக்களையில் உரக்க ஞானப்பாட்டுப் பாடினாள். ஆடு பீடி குடிக்கிற வாசனையும் வந்தது.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தார். மீன்கறி என்றைக்கும் இல்லாத ருசியாக மணத்தது. இலையில் ஒரு துண்டுக்கு இரண்டு துண்டு விழுந்தது.

"இன்னும் ஒரு துண்டு வைக்கட்டா?" என்று ஆனந்தபாய் சிரித்தாள்.

பொன்னுதாஸின் கை நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியை அவள் கேட்டதில்லை. சூப்புக்காரியும் இப்படித்தான் சிரித்தாள். புரைக்குள்ளே கள்ளக்காதலன், சட்டிக்குள்ளே விஷம். பாக்கி இருப்பது பெட்டிக்கு ஆணி அடிப்பதுதான்.

"வயிறு செரியில்ல" என்றார்.

"அப்ப மூடி வைக்கேன். பைய சாப்பிடுங்க."

மூடி வைத்த சோறு பின்வாசல் வழியாக எங்கோ போயிற்று. அன்றிலிருந்து பொன்னுதாஸ் ஆபீஸ் பக்கத்துச் சாயாக்கடையில் புட்டும் பயறும் தின்று உயிர் வளர்த்தார். வீட்டில் எதைத் தொட்டாலும் வயிறு செரியில்லை. ஆனந்தபாயோ அலுக்காமல் ஆக்கினாள். அவர் தொடாத சட்டிகள் சாயங்காலம் கழுவிக் கவிழ்த்தி இருக்கும். தடயத்தை அழிக்கிறாள் என்று புரிந்துகொண்டார்.

இதற்கிடையில் போலீஸ் வந்தது. ஆனந்தபாயின் சித்தி மகன் செல்லையன் ஊர்வலத்தில் முன்னால் கொடி பிடித்துப் போனவன். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து, ஆட்கள் செத்து, ஊரே பயந்து கிடந்த நேரம். கையில் கிடைத்தவனைப் பிடித்து எலும்பை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"செல்லையன் இவிடெ வந்நோ?" என்றார் ஹெட் கான்ஸ்டபிள்.

"வந்நிட்டில்ல சாரே" என்றார் பொன்னுதாஸ்.

ஹெட் கான்ஸ்டபிள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். அந்த முகத்தில் எதையும் மறைக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. நம்பிவிட்டுப் போனார். போகும்போது சாதா உடுப்பில் இரண்டு பேரை முக்குச் சாயாக்கடையில் உட்கார வைத்துவிட்டார். விறகுப்புரையைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று பொன்னுதாஸுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் படத்தில் துப்பறிகிறவன் போலீஸுக்கு ஒன்றும் சொல்லமாட்டான். விழுங்கிவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. ஆனந்தபாய் வெள்ளைச் சீலை உடுத்து, பனையோலைக் கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னாள்.

"திருப்புறத்துக்குப் போயிட்டு வாறேன். வர நேரமாவும்."

பொன்னுதாஸ் பெட்டியைத் திறந்து கல்யாணக் கோட்டை எடுத்தார். பொத்தானும் துளையும் சந்தித்து வருஷங்கள் ஆகியிருந்தன. வேட்டிக்கு மேலே அதை மாட்டினார். மிஷன் துரை ஒருவர் விட்டுப்போன தொப்பியைக் கண்வரை இறக்கினார். வாயில் ஒரு சிகரெட். சபையில் பேர் கெடும் என்பதால் பற்றவைக்கவில்லை.

தென்னைக்குத் தென்னை ஒளிந்து பின்னால் போனார். தென்னை மறைக்கிற உடம்பில்லை அவருக்கு. எதிரே வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவர் மூச்சு வாங்கிப் பின்தங்கினால் ஆனந்தபாய் நின்று கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். வழி பிரிகிற இடத்தில் அவர் திகைத்தபோது, ஒரு பக்கத்திலிருந்து அவள் யாரிடமோ மரச்சீனிக் கிழங்கு விலை கேட்கிற சத்தம் வந்தது. தொழில் தெரியாத குற்றவாளி, போகிற வழியெல்லாம் துப்பு விட்டுக்கொண்டு போகிறாள் என்று பரிதாபப்பட்டார்.

தன் பின்னாலும் இரண்டு பேர் வருவதை அப்புறம்தான் கண்டார். கள்ளக்காதலன் ஏவிய அடியாட்கள். தொப்பியை இன்னும் இறக்கினார். அவர்கள் இன்னும் நெருங்கினார்கள்.

திருப்புறத்தில் ஆனந்தபாய் ஒரு வீட்டுக்குள் போனாள். பொன்னுதாஸ் மதிலில் தொற்றி எட்டிப் பார்த்தார். உள்ளே சபைப் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கோட்டுக் காலரில் ஒரு கை விழுந்தது.

"பேரெந்தா?"

"அது சொல்லுறதுக்கில்ல."

"எவிடுந்நா வருந்நது?"

"இருட்டுலயிருந்து" என்றார் பொன்னுதாஸ். படத்தில் அப்படித்தான் சொன்னான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

கன்னத்தில் விட்ட முதல் அறையிலேயே தொப்பி விழுந்தது. படம் எடுத்தவர்கள் இந்த விஷயத்தில் பொய் சொல்லிவிட்டார்கள் என்று பட்டது. இரண்டாவது அறைக்குப் பேர், ஊர், ஆபீஸ், ஞானஸ்நானம் எடுத்த சபை எல்லாம் சொன்னார். யாரும் நம்பவில்லை. செல்லையன்தான் குமாஸ்தா வேஷம் போட்டிருக்கிறான் என்று ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

பொழுது சாயும் நேரத்துக்கு ஆனந்தபாய் கடவத்தோடு வந்தாள். இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இது நிங்ஙடெ பர்த்தாவாணோ?"

அவள் கோட்டைப் பார்த்தாள். வீங்கின கன்னத்தைப் பார்த்தாள். அவள் யோசித்த நேரத்தில் பொன்னுதாஸுக்கு வேர்த்து ஒழுகியது.

"ஆக்கும்" என்றாள் கடைசியில். "எனக்கு வாச்சது இதுதான் சாரே."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு அனுப்பினார்.

ஸ்டேஷன் கண்ணுக்கு மறைந்ததும் பொன்னுதாஸ் கேட்டார்.

"எட்டி, விறகுப்புரையில யாரு?"

"இப்ப யாருமில்ல."

"முன்ன?"

"செல்லையன்."

பொன்னுதாஸ் நடுவழியில் நின்றுவிட்டார். "இப்ப எங்க அவன்?"

"உங்க வேட்டிய உடுத்து நாகர்கோவில் பஸ்ஸில ஏறினான். ஆரல்வாய்மொழி தாண்டியிருப்பான். அதுக்கு அந்தப் பக்கம் சென்னை ராச்சியம். இவனுவ கை எட்டாது."

"முக்குல போலீசுகாரனுவ இருந்தானுவளே?"

"எங்க இருந்தானுவ? தொப்பி போட்ட ஆளப் பாத்ததும் உங்க பின்னாலயில்லா வந்தானுவ."

"அப்ப அந்த மீன்கறி?"

"அவன் தின்னான். பாவம், நல்ல பசி. உங்களுக்குத் தெரியாம ரெண்டு பேருக்கு எப்படி ஆக்கதுன்னு கிடந்து உருகினேன். நீங்களே வயிறு செரியில்லன்னுட்டிய."

கொஞ்ச தூரம் போனதும் அவள் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "சித்திக்கு அவன் ஒருத்தன்தானே. பிடிச்சிருந்தா கொன்னு போட்டிருப்பானுவ."

பொன்னுதாஸ் கன்னத்தைத் தடவிக்கொண்டார். எந்தப் பக்கம் என்று தெரியாமலேயே ஒரு பக்கத்துக்காக அடி வாங்கியாகிவிட்டது. கோபப்பட முயன்று பார்த்தார், வரவில்லை. குரல்தான் தணிந்தது.

"எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானும் கூட நின்னு செய்திருப்பேனே."

ஆனந்தபாய் கோட்டில் ஒட்டியிருந்த மதில் பாசியைத் தட்டிவிட்டாள்.

"சொல்லியிருந்தா நீங்க இத்தற நல்லாச் செய்திருக்க மாட்டிய."