லேபிள்காரரின் மியூசியம்

உயிரோடிருக்கிற மனிதனின் ஊன்றுகோலுக்கு லேபிள் கட்டிய ஆள் உலகத்திலேயே எங்கள் பிரிக்பீல்ட்ஸ் லேபிள்காரர் ஒருவர்தான்.

முதல் மகாயுத்தமான ஜெர்மன் சண்டையின்போது அரபு தேசத்துப் பாஸ்ராவுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பிய தமிழர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதற்கு அவர் செயலாளர். ரயில்வே கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டுவது உத்தியோகம். சங்கத்தின் ஒற்றை அறையை அவர் 'மியூசியம்' என்றுதான் சொல்வார். உள்ளே துருப்பிடித்த தண்ணீர்க் குடுவை, சில பித்தளைப் பொத்தான்கள், கல்லாகிப்போன ஒரு பிஸ்கட். அதற்கு மட்டும் தனி லேபிள்: 'கடிக்கக் கூடாது.'

தன் ஒரு காலைப் பாஸ்ராவிலேயே விட்டுவந்த சின்னையாவிடம் போய், "அண்ணே, உங்க கட்டைய மியூசியத்துக்குக் குடுங்க" என்றார்.

"அப்புறம் நான் தவழ்ந்துக்கிட்டு வரணுமா லா?"

கடைசியில் லேபிள் மட்டும் கட்டிக்கொள்ள சின்னையா சம்மதித்தார். 'சங்கத்தின் உடைமை, தொடாதீர்' என்ற சீட்டு ஆட ஆட அவர் பாசாரில் மீன் வாங்குவதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு வெள்ளம் வந்தது. நான் படகில் போனபோது லேபிள்காரர் அறைக்குள் மேசைமேல் ஏறி நின்றிருந்தார். தலையில் ஒரு நோட்டுப் புத்தகம். பாஸ்ராவிலிருந்து திரும்பாதவர்களின் பெயர்கள் அதில்தான் இருந்தன.

"ஏறுங்க அண்ணே!"

"மொதல்ல இத வாங்கு."

வாங்கும்போது என் கை வழுக்கியது.

புத்தகத்தைத் தண்ணீரிலிருந்து மீட்டபோது மை கரைந்திருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லாப் பெயரையும் நினைவிலிருந்து திரும்ப எழுதினார், ஒன்றைத் தவிர.

"மொகம் தெரியுது. எடது காதுல மட்டும் கடுக்கன். பேருதான் வரமாட்டேங்குது."

சின்னையாவுக்கும் தெரியவில்லை. அதன்பிறகு ஞாயிறுதோறும் கிள்ளான், பந்திங் ரப்பர் தோட்டங்களுக்கு அவரோடு நானும் போனேன். வீடு வீடாகக் காதையும் கடுக்கனையும் சொல்லிக் கேட்பார். சில இடங்களில் கோப்பி கொடுத்தார்கள். ஓரிடத்தில் பைத்தியம் என்று நாயை ஏவினார்கள். அவரைவிட நான்தான் வேகமாக ஓடினேன்.

பந்திங்கில் ஒரு கிழவி மட்டும் வெகுநேரம் யோசித்தாள்.

"எம்மவன் ரெண்டு காதுலயும் போட்டிருந்தான்யா. எங்க போனான்னே தெரியல. இருந்தாலும் அவன் பேர எழுதிக்கோங்க."

பொத்தானுக்குக்கூடச் சாட்சி கேட்கும் மனிதர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. புத்தகம் என்னிடம் இருக்கிறது. கடுக்கன்காரனின் அந்த ஒரு வரி இன்னும் காலிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் தனியாகப் போகிறேன்.