நெப்டியூன் உங்கள் வீட்டு வாசலில் நின்றது குறித்து

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. சூரியனை மாற்றிவிடுவது என்று திங்கட்கிழமை காலை முடிவு செய்தேன். ஒரு தனி மனிதன் எடுக்கக்கூடிய முடிவல்ல இது என்பது எனக்குத் தெரியும். தலைமையாசிரியையைக் கேட்டேன், உடற்பயிற்சி ஆசிரியரைக் கேட்டேன், உங்கள் தம்பி மனைவியையும் கேட்டேன். "எதை வேணா மாத்துங்க, முதல்ல சமையலறை பல்பை மாத்துங்க" என்றாள். ஆக, மூவரும் சம்மதித்த பிறகே மாற்றினேன்.

இங்கே எல்லோரும் நலம். என் வலது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் "ம்" என்பீர்கள். இரண்டாவது "ம்"மில் எனக்குப் பேச்சு நின்றுவிடும். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

விஷயம் இதுதான். ஐந்தாம் வகுப்புக்குக் கோள்கள் பாடம். புத்தகத்தில் எட்டுக் கோள்களும் ஒரே பக்கத்தில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் நடந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. சூரியனுக்குக் கால்பந்து போதும் என்கிறது ஆசிரியர் கையேடு. ஆனால் சூரியன் கால்பந்து என்றால் பூமி வெறும் கடுகு. கடுகைக் கையில் கொடுத்து, இதுதான் நம் உலகம், பத்திரமாக வைத்துக்கொள் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றியதற்கு இது ஒன்றே காரணம். தலைமையாசிரியை இடுப்பு வலிக்காக உட்காரும் பெரிய காற்றுப் பந்தைக் கேட்டு வாங்கினேன். அவர் அன்று முழுக்க மர நாற்காலியில் உட்கார்ந்தார். பிற்பாடு அவர் பேசியதையெல்லாம் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

சூரியன் பெரிதானால் எல்லாத் தூரமும் கூடும். பூமி மிளகாயிற்று, வியாழன் எலுமிச்சம்பழம், நெப்டியூன் ஒரு கோலிக்குண்டு. முதல் நான்கு கோள்கள் மைதானத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. வியாழன் தையற்கடை வாசலில், சனி சைக்கிள் கடையில், யுரேனஸ் மருந்துக்கடைப் படியில். நெப்டியூன் எங்கே வருகிறது என்று பார்த்தால், உங்கள் வீட்டு கேட். வானியல் யாருடைய சௌகரியத்தையும் பார்ப்பதில்லை. அத்தான் போனதிலிருந்து நீங்கள் வாசல் பக்கமே வருவதில்லை என்பதால், ஒரு கோள் வந்து நின்றால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நெப்டியூனாகப் போனவள் ரேடியோ. பிள்ளைகள் வைத்த பெயர் அது. காலை மணி அடித்ததும் தொடங்கினால் வீட்டுக்குப் போகும் மணிவரை ஓயமாட்டாள். அவளைச் சூரிய மண்டலத்தின் கோடிக்கு அனுப்புவதற்கு ஆசிரியர்கள் அறையில் எதிர்ப்பே எழவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் பிள்ளைகளை அழைத்துப் போய் ஒவ்வோர் இடத்திலும் ஒருவரை நிறுத்தினார். கூப்பிடும்வரை எந்தக் கோளும் அசையக்கூடாது என்பது உத்தரவு.

உத்தரவு ஓரளவு நிறைவேறியது. பூமியை வைத்திருந்தவன் அதை வாயில் போட்டுக்கொண்டான். ஏன்டா என்று கேட்டதற்கு, காரமாக இருக்கிறதா என்று பார்த்தானாம், இருந்ததாம். வியாழன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், மேஜைமேல் இருந்த எலுமிச்சம்பழத்தில் தையற்காரர் கைப்பழக்கத்தில் குண்டூசிகளைக் குத்திவைத்துவிட்டார். நேரமானதும் உடற்பயிற்சி ஆசிரியர் மருந்துக்கடை வாசலில் நின்று விசில் ஊதிவிட்டு, எல்லோரும் பின்னால் வருகிறார்கள் என்ற நம்பிக்கையில் திரும்பினார். பள்ளி வாசலில் தலைகளை எண்ணினார். எட்டு. "எல்லாக் கோளும் வந்தாச்சு சார்" என்றார். மனிதர், பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றவனையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். சூரியன் கோள் அல்ல, நட்சத்திரம் என்பதற்குத் தேர்வில் இரண்டு மதிப்பெண். அந்த இரண்டை விட்டால் வாழ்க்கையில் என்ன ஆகும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை ரசித்துக்கொண்டே அரைப் பாடம் நடத்திய பிறகுதான், ரேடியோ உள்ளே இருந்தால் இந்த அமைதி ஏது என்று எனக்கு உறைத்தது. ஓடினேன் அக்கா. இந்த வயதில், இந்த உடம்போடு, சனி வரைக்கும் ஓட்டம், அதற்கப்புறம் நடையும் ஓட்டமுமாக. பெற்ற பிள்ளையை நம்மை நம்பி அனுப்பியிருக்கிறார்களே, அவள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது தவிர வேறு நினைப்பே இல்லை.

வந்து பார்த்தால் கேட் திறந்திருக்கிறது. வாசலில் நாற்காலி, நாற்காலியில் ரேடியோ. அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நீங்கள்.

அதற்கு முன் நடந்ததை மறுநாள் வகுப்பு முழுவதற்கும் ரேடியோ ஒலிபரப்பிவிட்டாள். ஜன்னல் வழியாக அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு நீங்கள் வெளியே வந்தீர்களாம். யாரும்மா நீ என்றீர்களாம். நெப்டியூன் என்றாளாம். பிறகு அவள் கேட்ட கேள்விக்கு நான் பொறுப்பல்ல.

"அப்ப நீங்க புளூட்டோவா ஆன்ட்டி? உங்களைத்தான் கணக்குல இருந்து எடுத்துட்டாங்களே."

"யாருடி எடுத்தது?" என்றீர்களாம். கோபமாகவா என்று கேட்டேன். இல்லை சார், சிரிச்சாங்க என்றாள். நான் அவளை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதற்கப்புறம் இன்னும் ஒரு முறை.

நான் மூச்சு வாங்க வந்து நின்றதும் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அறிவிருக்காடா உனக்கு? பச்சப்புள்ளைய வெயில்ல நிறுத்திட்டு எங்கடா போய்த் தொலைஞ்ச?" தெருவே திரும்பிப் பார்த்தது. அத்தான் போனபின் நீங்கள் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. நான் தலையைக் குனிந்துகொண்டது வெட்கத்தால் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கட்டும்.

இப்போது தலைமையாசிரியையின் ஆணை வந்திருக்கிறது. பொறுப்பான பெரியவர் ஒருவர் கூடவே நிற்காவிட்டால் யுரேனஸுக்கு அப்பால் எந்தப் பிள்ளையும் போகக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை அடுத்த பிரிவுக்கு இதே பாடம். உடற்பயிற்சி ஆசிரியர் சனியைத் தாண்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்; எனக்கு முழங்கால். தவிர, பிள்ளை தண்ணீர் குடிக்கும்போது நீங்கள் வாங்கி வைத்துக்கொண்ட கோலிக்குண்டும் உங்களிடமே இருக்கிறது. அது இரவல் வாங்கியது. வந்து எடுத்துக்கொள்ளலாம்தான்; ஆனால் என்னைக் கண்டால் கதவு வழியாகவே நீட்டிவிடுவீர்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை நீங்களே அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, பிள்ளையை அழைத்துக்கொண்டு நெப்டியூனுக்குத் திரும்பி நடக்கலாம். வற்புறுத்தவில்லை. நீங்கள் வராவிட்டால் அந்தப் பிரிவுக்கு மட்டும் ஏழு கோள்கள்.

குடை கொண்டுவாருங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். வீட்டில் எல்லோரும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். ரேடியோ தனியாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் திட்டுக்கு என்றும் உரிய
தம்பி

பின்குறிப்பு: கடுகைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடவும். கால்பந்தில் ஒரு குறையும் இல்லை. அதை வைத்தால் நெப்டியூன் சலவைக்கடை வாசலோடு நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையே நடந்து பார்த்துவிட்டேன். பெரிய பந்துக்கும் அது உங்கள் வீடுவரை வரவில்லை, பால் கடையில் நின்றது. அதனால் பந்துக்கு இன்னும் கொஞ்சம் காற்றடித்தேன்.