தூக்குச்சட்டி வெறுமனே வந்த விவரம்

ஆத்தூர்,
24-5-1961.

செம்பட்டி அத்தை அவர்களுக்கு, ஆத்தூர் சண்முகவள்ளி விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் சுகம். அங்கே கன்று போட்ட எருமை, மாமா, மச்சான், நீங்கள் எல்லோரும் சுகம் என்று ஆண்டிச்சாமி அண்ணன் சொல்லக் கேட்டுச் சந்தோஷம். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். மரியாதைக் குறைவு ஏதாவது இருந்தால் அது காய்கறி வண்டி ஓட்டுகிறவரைச் சேர்ந்தது, என்னைச் சேர்ந்ததல்ல.

நீங்கள் அவரிடம் சொல்லி அனுப்பியதும் வந்து சேர்ந்தது. "தூக்குச்சட்டி வெறுமனே வந்திருக்கு, உள்ள பூராம் கீறலு, அந்த ரெண்டு கழுதைகளும் மெட்ராசுல என்ன கூத்தடிச்சாளுகன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று நீங்கள் சொன்னதை அவர் அப்படியே உங்கள் குரலில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கள் வாசலில் நின்று சொன்னார். அக்கம்பக்கத்தில் கேட்காதவர்கள் யாரும் இல்லை. நாளைக்கு உங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள் வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பியது தப்புத்தான். ஆனால் நடந்தது முழுவதையும் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

நாங்கள் மெட்ராஸ் போனதே உங்கள் தயவால்தான். அப்பா முடியவே முடியாது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனபோது, "ஏண்ணே, பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பிள்ளைகளை மேய்க்கிதுக, பட்டணத்துல தொலைஞ்சா போயிருங்க?" என்று நீங்கள் கேட்டிராவிட்டால் எங்களுக்குத் திண்டுக்கல் ரயிலடியைத் தாண்ட வழியில்லை. அமலராணியை நீங்கள் இரண்டு தடவை பார்த்திருக்கிறீர்கள். திண்டுக்கல் பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு, நடுவில் ஒரு தட்டிதான் தடுப்பு. அவள் பாடம் நடத்துவது என் பிள்ளைகளுக்கும், நான் அதட்டுவது அவள் பிள்ளைகளுக்கும் கேட்கும். அவள் ஜூன் பிறந்ததும் கன்னியர் மடத்தில் சேர்கிறாள். சேர்ந்துவிட்டால் நினைத்தபோது பஸ் ஏறுகிற வாழ்க்கை அவளுக்கு இல்லை. அதற்கு முன்னால் என்னோடு சேர்ந்து ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எனக்குச் சிங்கம் புலி இருக்கிற உயிர் காலேஜ், மியூசியம் என்கிற செத்த காலேஜ், மூர் மார்க்கெட் என்று பெரிய திட்டமே இருந்தது. அவள் கேட்டது கடல் ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் உங்கள் பெயர் வெட்டிய புது எவர்சில்வர் தூக்கில் நார்த்தங்காய் ஊறுகாயை நிரப்பி, "சைதாப்பேட்டையில என் சின்னம்மா மக இருக்கா, போற வழிதானே, குடுத்துட்டுத் தூக்கை மறக்காம வாங்கிட்டு வந்துரு" என்றீர்கள். அத்தை, மெட்ராஸில் போற வழி என்று ஒன்று கிடையாது. நாங்கள் தங்கியது அமலராணியின் அண்ணன் அருள்நாதன் வீட்டில், வேப்பேரியில். சைதாப்பேட்டை எங்கோ அந்தக் கோடியில் இருக்கிறது. "முதல்ல இதைக் குடுத்துட்டு வந்துருவோம்டி, அப்புறம் கையை வீசிக்கிட்டுக் கடலுக்குப் போகலாம்" என்று அமலராணி சொன்னதால் முதல் நாள் காலையிலேயே கிளம்பினோம்.

சைதாப்பேட்டை அத்தை தூக்கைப் பார்த்ததும் உங்களையே பார்த்தது போல ஒரு பாட்டம் அழுதார்கள். அப்புறம் சோறு. அதுவும் கோழிக்குழம்போடு மூன்று விதம் வெஞ்சனம் வைத்து, இலையை விட்டு எழுந்திரிக்க விடாமல் தோளை அமுக்கி அமுக்கி உட்கார வைத்து. ஊறுகாயை ஜாடியில் மாற்றித் தூக்கைக் கழுவியவர்கள், "வெறும் பாத்திரத்தையா குடுத்து விடுறது?" என்று நின்றார்கள். "செம்பட்டி போறதுக்குள்ள எதுவும் ஊசிப் போகுமே. பெரம்பூர்ல என் மக பிள்ளை பெத்துக் கெடக்கா, ஆட்டுறதுக்கு ஆளில்ல. இந்த மாவை அவகிட்டக் குடுத்துட்டுத் தூக்கை வாங்கிக்க" என்று தூக்கு நிறைய இட்லி மாவை ஊற்றிவிட்டார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

கத்திரி வெயில், நல்ல உச்சிப்பொழுது, இரண்டு பஸ் மாற வேண்டும். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, மவுண்ட் ரோடு வருகிறதே, வேடிக்கை பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன். அதுவரை சும்மா இருந்த மாவும் மவுண்ட் ரோட்டைப் பார்க்க எழுந்துவிட்டது. மூடி தானாக மேலே வந்தது. அமுக்கினேன். பக்கவாட்டில் வழிந்தது. பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவரின் சலவை வேட்டியில், முழங்காலிலிருந்து கரை வரைக்கும். "என்னம்மா இது?" என்றார். "இட்லி மாவு சார், பிள்ளை பெத்த வீட்டுக்குப் போகுது" என்றாள் அமலராணி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஒரு விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "புளிப்பு ஏறிப் போச்சு. இன்னைக்கு ராத்திரியே ஊத்திரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நல்ல மனுஷர். கண்டக்டர்தான் பெரம்பூர் வரைக்கும் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். மவுண்ட் ரோட்டில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மூடியைத்தான் பார்த்தேன்.

பெரம்பூர் மதினி மாவைப் பார்த்ததும் அன்றைக்கே இட்லி ஊற்றி, எங்களையும் தின்ன வைத்து, பிள்ளையை அமலராணி கையில் கொடுத்துவிட்டு, "செத்த நேரம் கண்ணசந்துட்டு வாரேன், பாத்துக்கோங்க" என்று உள்ளே போனவர் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்து வந்தார். தப்பு சொல்லவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு. அமலராணி தூங்குகிற பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் மாதா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். மறுநாள் வந்து தூக்கை வாங்கிக்கொள்ளச் சொன்னார். மறுநாள் போனால் அதில் பிரசவ லேகியம் இருந்தது. மதினியின் நாத்தனார் ராயபுரத்தில் மாசமாக இருக்கிறாராம், இப்போதே கொடுத்து வைத்தால் பிள்ளை பிறக்கும் நேரத்துக்கு உதவுமாம். "நாம ரெண்டு பேரும் கல்யாணம் ஆகாத பொம்பளைக. பஸ்ஸுல எவளாவது இது என்னன்னு கேட்டா என்னடி சொல்றது? பேசாம அண்ணன் வீட்டுல வச்சுட்டுக் கடலுக்குப் போயிருவோம்" என்றேன். அமலராணி கேட்கவில்லை. "வாங்கினதை ஒப்படைச்சிரணும் வள்ளி. நம்பிக் குடுத்திருக்காக" என்றாள். கேட்டீர்களா அத்தை? உங்கள் பாத்திரத்தின் மேல் என்னைவிட அவளுக்குத்தான் அக்கறை.

ராயபுரத்தில் அந்த அம்மாள் எனக்கு என்ன முறை வேண்டும் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. "சகோதரின்னு வச்சுக்கோ, எங்க கோயில்ல எல்லாரும் அப்பிடித்தான்" என்றாள் அமலராணி. அந்த வீட்டு மாடிக்குப் போனால் காற்றில் உப்பு வாசனை வருகிறது. கப்பல் ஊதுவது கேட்கிறது. கடல் எங்கே என்றால் அந்த அம்மாள், "அது எங்கம்மா போயிடப் போவுது, நீங்க சாப்புடுங்க" என்றார். சாப்பிட்டோம். அப்புறம் அமலராணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, துறைமுகத்தில் வேலை பார்க்கிற தன் கொழுந்தனுக்குப் பெண் கேட்டார். இவள் மடத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். "மடத்துல உனக்கு இன்னா தருவாங்க? என் கொழுந்தனுக்குக் குவார்ட்டர்ஸ் குடுத்துருக்காங்க" என்றார். அமலராணி சிரித்தே சமாளித்தாள். ஆனால் பையனை நேரில் பார்த்துவிட்டுச் சொல் என்று மறுநாளும் எங்களை வரச் சொன்னார் அந்த அம்மாள். தூக்கு அவர் வீட்டில் இருக்கும்போது போகாமல் இருக்க முடியுமா? போனோம். பையன் வந்தார். வெட்கப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அது எங்கள் கடைசி நாள். ராத்திரி எழும்பூரில் ரயில். உயிர் காலேஜும் போச்சு, செத்த காலேஜும் போச்சு. நான் பார்த்த மெட்ராஸ் மூன்று அடுப்படியும் ஒரு தொட்டிலும்தான். அந்த வயிற்றெரிச்சலோடு தூக்கை வாங்கினால் கனக்கிறது. சேமியாப் பாயசம். திருவல்லிக்கேணியில் இருக்கிற அந்த அம்மாளின் சின்ன மாமியாருக்குக் கொடுக்க வேண்டுமாம். எனக்குத் தெருவென்றும் பார்க்காமல் அழுகை வந்துவிட்டது. "உனக்குக் கடல் காட்டணும்னுதானேடி கூட்டிட்டு வந்தேன்" என்றேன். அமலராணி தூக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

திருவல்லிக்கேணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் செருப்பு வார் அறுந்தது. தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் நான் உட்கார்ந்தேன். "நீ இங்கயே இரு, நான் போய்க் குடுத்துட்டு வாரேன்" என்று அவள் மட்டும் போனாள். போன சுருக்கில் தூக்கோடு திரும்பி வந்தாள். "வீடு பூட்டிருக்கு வள்ளி. எங்கயோ ஊருக்குப் போயிட்டாக போல" என்றாள். பாயசத்தை ரயிலில் கொண்டு வந்தால் விழுப்புரம் தாண்டாது. நாங்கள் என்ன செய்ய முடியும்? கடற்கரைக்குப் போனோம்.

அத்தை, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் கடலைப் பார்த்ததில்லை. அமலராணி மணலில் நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். அப்புறம், "நம்ம ஆத்தூர் டேம் மாதிரி கொஞ்சம் பெருசா இருக்கும்னு நெனச்சேன்டி. இதுக்கு அக்கரையே காணோம்" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றோம். அலை வரும்போதெல்லாம் என் கையை நகம் பதியப் பிடித்தாள். கால் தடுமாறி இரண்டு பேரும் உட்கார்ந்தே விட்டோம். வகுப்பில் ஒரு தடவைகூட அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை, தட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியாதா? அன்றைக்குச் சிரித்தாள். சுண்டல் விற்கிறவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஈரச் சேலையோடு உட்கார்ந்து, தூக்கின் மூடியில் ஊற்றி ஊற்றி, பாயசம் முழுவதையும் நாங்களே குடித்தோம். கடல் தண்ணீரில் மணல் போட்டுத் தூக்கை விளக்கினோம். கீறல் விழுந்தது அதனால்தான். எவர்சில்வரை மணலால் தேய்க்கக் கூடாது என்பது அப்போது இரண்டு வாத்தியாரம்மாக்களுக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே தூக்கு வெறுமனே வந்ததற்கு அந்தப் பூட்டிய வீடுதான் காரணம், நாங்கள் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இனிமேல் பட்டணம் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன். மாமாவுக்கு என் கும்பிடு. மச்சானுக்குத் தனியாக ஒன்றும் இல்லை, கேட்டால் மட்டும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். எருமையையும் கன்றையும் கேட்டேன். உங்கள் கோபம் தணிந்து என்னை மனதார வாழ்த்த வேண்டும்.

இதை எழுதி முடிக்கும்போது அமலராணி வந்திருக்கிறாள். எழுத்துப் பிழை பார்த்து உறையில் போட்டு ஒட்டச் சொல்லிவிட்டு நான் காப்பி போடப் போகிறேன். ஆண்டிச்சாமி அண்ணன் வண்டி திரும்பும்போது வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்
சண்முகவள்ளி.

பின்குறிப்பு: அம்மா அவர்களுக்கு அமலராணி வணக்கம். வள்ளி அடுப்படியில் இருக்கிறாள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அந்த வீடு பூட்டியிருக்கவில்லை. கதவு திறந்திருந்தது. வயதான ஓர் அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். யாரம்மா என்று கேட்டார்கள். வீடு தெரியாமல் வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி விட்டேன். வள்ளி அழுததை என்னால் தாங்க முடியவில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். போன சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். "செஞ்சதுக்கு வருந்தி மனஸ்தாபப்படுறியா?" என்று அவர் கேட்டார். "பொய் சொன்னதுக்குப் படுறேன் சாமி, கடலைப் பார்த்ததுக்கு வர மாட்டேங்குது" என்றேன். ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். கடிதத்தில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று: அத்தை, அமலராணி பஸ் ஏறிப் போய்விட்டாள். உறையை ஒட்டிக் கொடுக்கும்போது அவள் முகம் சரியில்லை. அதனால் சோற்றுப்பானை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தேன். செருப்புத் தைக்கிறவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த வாசல் நன்றாகத் தெரிந்தது. அந்த அம்மாவும் தெரிந்தார், கீரையும் தெரிந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், தரையைப் பார்த்துக்கொண்டுதான் பூட்டிருக்கு என்றாள். அவள் மனம் மாறித் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயந்து, பாதி தைத்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான்தான் முன்னால் நடந்தேன். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். என்னை ஏமாற்றிக் கடல் காட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டே அவள் மடத்துக்குப் போகட்டும். அடுத்த வாரம் போகிறாள். திட்டுவதாக இருந்தால் அதற்குப் பிறகு நேரில் வந்து என்னை மட்டும் திட்டுங்கள். எனக்கும் அப்போது அழுவதற்கு ஒரு சாக்கு வேண்டும்.