கட்டிப்போட்ட நோயாளி

அவசர சிகிச்சை கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு வியாதி வரும். யாராவது விழ மாட்டார்களா, எங்காவது ரத்தம் வராதா என்று கண் அலைய ஆரம்பித்துவிடும். எனக்கு அது நன்றாக முற்றிப்போயிருந்தது.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் உதவியாளர். டாக்டர் வேண்டுமென்றால் மலை இறங்கி வெகுதூரம் போக வேண்டும். அதனால் ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்துவைக்க என்னைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஹட்டனிலிருந்து ரோஸ்லின் மிஸ் வந்து சொல்லித்தந்தார். வாழைக்காய்க்கு ஊசி போட்டேன். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கினேன். வீட்டில் கோழி இருமினால்கூட (கோழி இருமுமா என்று கேட்காதீர்கள்) ஓடிப்போய்ப் பார்த்தேன்.

கடைசி நாள் பரீட்சை, காலையில் எல்லாரும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில். லொறி கவிழ்ந்து ஒருவருக்கு வலது தொடை எலும்பு முறிந்துவிட்டதாகக் கற்பனை. நோயாளியாக நடிக்க என் கணவர் செல்வத்தைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். சும்மா படுத்துக் கிடப்பதுதான் வேலை என்றதும் ஒப்புக்கொண்டார்.

என் உற்சாகத்தைக் கேட்கவா வேண்டும்? அக்குளிலிருந்து கணுக்கால் வரை பலகை வைத்து, வரிசையாக முடிச்சுப் போட்டு, நெஞ்சையும் கைகளையும் ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து இறுக்கினேன். "மூச்சு விடலாமா?" என்று கேட்டார். மிஸ் முடிச்சுகளை இழுத்துப் பார்த்து 'வெரி குட்' என்றார்.

அப்போதுதான் மேல் மலையில் கொழுந்து பறித்தவர்கள் தலையைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். குளவிக் கூடு கலைந்துவிட்டதாம். எல்லாரும் பக்கத்தில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குள் பாய்ந்தோம். முதலில் பாய்ந்தது நான். கதவைச் சாத்தியதும் நான்தான்.

மிஸ் சுற்றிலும் பார்த்தார்.

"நோயாளி எங்க, சாந்தி?"

செல்வம் களத்திலேயே கட்டுண்டு கிடந்தார். மிஸ்ஸும் நானும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே ஓடி, ஸ்ட்ரெச்சரை இழுத்துவந்தோம். அவர் கழுத்திலும் முகத்திலும் கொட்டு. உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீங்கிவிட்டது, மூச்சு விசில் அடித்தது. நடிப்பு முடிந்து நிஜம் தொடங்கிவிட்டது.

ஒருவர் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். மிஸ்ஸின் இரண்டு கையிலும் கொட்டியிருந்ததால் விரல் மடங்கவில்லை. தன் பையிலிருந்த, ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசியை என்னிடம் நீட்டினார்.

"நீ போடு. தொடையில, வெளிப்பக்கம்."

போடலாம்தான். தொடை எங்கே? பலகைதான் இருக்கிறது. முடிச்சை நகத்தால் பிடுங்கினேன், பல்லால் கடித்தேன், அழுதுகொண்டே கத்தரிக்கோல் கேட்டேன். ஒன்றும் அசையவில்லை. நான் கட்டியதாயிற்றே!

வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சாந்தி... அடுத்த காலு சும்மாதானே இருக்கு?"

இடது தொடையில் ஊசியைக் குத்தினேன். வாழைக்காயைவிட மென்மையாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்த விசில் தணிந்தது. அந்தச் சத்தம் அடங்கியபோது எனக்கு வந்த சந்தோஷத்தில் மிஸ்ஸைக் கட்டிப்பிடித்து, அவருடைய வீங்கிய கையை வேறு அழுத்திவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் செல்வத்தை ஓர் இரவு வைத்துப் பார்த்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஸ் என்னைப் பாஸ் செய்தார், அடுத்த தடவை நோயாளியையும் கூட்டிக்கொண்டு ஓடச் சொல்லி.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நானும் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத்தில் எனக்கு மரியாதை உண்டு. வீட்டில்தான் கிடையாது. போன வாரம் முன்கதவுப் பூட்டோடு வெகுநேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் பின்னால் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அடுத்த காலு?"

பின்கதவு திறந்தேதான் கிடந்தது.